சூசை என்று கேட்ட பாட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், பாலம் இறங்கியதும் இடப்பக்கம் பாக்கியசாமியின் கடை. லாரி, வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் வயரிங், பேட்டரி, டைனமோ வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்தேழு. மேசை மேல் ஒரு பழைய கார் டேப் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக அதற்குள் ஒரே கேசட்.

வானூர்ப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஜீப்பின் வயரிங்கை முழுக்க மாற்றச் சொல்லியிருந்தார். அதிலிருந்த டேப்பில் கேசட் சிக்கியிருந்தது. பாடும், வெளியே வராது. தனக்கு வேண்டாம் என்று டேப்பைக் கொடுத்துவிட்டு அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். கேசட்டுக்கு அட்டை இல்லை. பாடுவது யார் என்றும் தெரியாது.

"பிரிச்சா அறுந்துடும் சார். வேற பாட்டும் போட முடியாது. சரின்னு கேட்டுக்கினே இருந்தேன். மூணு மாசம் கழிச்சுத்தான் புடிச்சுது" என்றார், நான் ஸ்கூட்டர் பேட்டரிக்காக முதல்முறை போனபோது.

மொத்தம் எட்டுப் பாட்டுகள். எதையும் உடனே நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. இந்தக் கேசட்டுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் பாட்டு இன்றைக்கும் எனக்குச் சுமார்தான். இரண்டாவது தேவைக்கு மேல் நீளம். மூன்றாவதிலிருந்து ஏதோ நடக்கிறது. இரண்டு கித்தார்கள் பேசிக்கொள்கின்றன. ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்கிறது. டிரம் ஒவ்வொரு அடியிலும் மயிரிழை பிந்தி விழுகிறது. அந்தப் பிந்தலில்தான் இசைக்குக் கனம் வருகிறது. பாடுகிறவர் குரல் கரடுமுரடு. துக்கத்தைச் சொல்லி நம்மிடம் இரக்கம் வாங்க அவர் முயலவில்லை. துக்கம் இத்தனை எடை இருக்கிறது என்று தூக்கிக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

பாக்கியசாமி அதை வேர்க்கடலை லாரியை வைத்துச் சொன்னார்: "மல்லாட்டை மூட்டை ஏத்தின லாரி மேட்டுல செகண்ட் கியர்ல ஏறும் பாருங்க. இஞ்சின் அழுவும். ஆனா நிக்காது."

அவருக்கு உயிர் ஏழாவது பாட்டு. அதில் பாடகர் ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கூப்பிடுவார். சூசை, சூசை என்று. பாக்கியசாமிக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் சூசையைத் தெரியாதா? யேசுவை வளர்த்த சூசையப்பர் பெயர்தானே. ஒரு மார்ச் மாதம் சூசையப்பர் திருவிழாவில், மைக் செட் போட்ட அன்புச்செல்வனிடம் சண்டை போட்டு, டேப்பையே தூக்கிக்கொண்டு போய் வயர் கொடுத்து அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார். கொடியேற்ற வந்த சாமியார் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "பாக்கியம், இது எந்த சபையோட பாட்டு?" என்றாராம்.

"நம்ம சபைதான் சாமி. பேரு சொல்றான், கேளுங்க."

பாக்கியசாமியின் மனைவி பெயரும் சூசை மேரி. தெருவில் நான்கு மேரிகள் இருந்ததால் எல்லோருக்கும் அவர் சூசை. பத்து ஆண்டுகளாகக் குவைத்தில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். மகள் மெர்லின் படிப்பு முடிந்து விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. இந்த டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அந்த வீட்டார் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள்.

வந்துவிடு என்று சொல்ல பாக்கியசாமிக்கு ஆசை. சொல்ல வாய் வரவில்லை. போகச் சொன்னதும் தான்தானே என்பார். போனில் சாப்பாடு, மழை, மெர்லினுக்கு வரன் என்று பேசி வைத்துவிடுவார். ஏழாவது பாட்டை முழுக்கக் கேட்டால் சூசைக்கே புரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் சூசைக்கு அது இடிச் சத்தம். லீவில் வந்தாலும் கடைப்பக்கம் வந்ததும் அதை நிறுத்தச் சொல்வார்.

அக்டோபரில் ஒருநாள் நான் இருக்கும்போது மெர்லின் கடைக்கு வந்தாள். போனை டேப் அருகில் பிடித்தால் என்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிடுமாம். பிடித்தாள். கண்டுபிடித்தது.

"ப்பா, இது சதர்ன் ராக்காம்."

"சதர்னா? நம்ம ரயில்வே மாதிரியா?"

"ஆமா, விழுப்புரம் ஜங்ஷன்ல நின்னுட்டுப் போவும். இது அமெரிக்காவுல தெக்குப் பக்கத்து ஆளுங்கப்பா. இவுங்களோட மொதல் ரெண்டு ஆல்பத்த எல்லாரும் தூக்கி வச்சுப் பேசறாங்க. இத யாரும் கண்டுக்கல. ரொம்ப கனமாம், ரொம்ப மெதுவாம்."

"எவன் சொன்னான்? லோடு வண்டி ஓட்டிப் பாத்துருக்கானா அவன்?"

அவள் பாட்டின் வரிகளைப் படித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "ப்பா, அது சூசை இல்ல. சூசி."

"சூசின்னா?"

"அந்த ஆளோட லாரி. லாரிக்குப் பேரு வச்சிருக்கான். வித்துட்டு, திரும்பி வந்துடுன்னு பாடறான்."

பாக்கியசாமி கையிலிருந்த வயர் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். சுத்தமான பிறகும் தேய்த்தார். "லாரிக்கா இப்படி அழுவறான்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் என் பேட்டரிக்காகப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் சூசைக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. அவர் கூப்பிடும் நேரத்துக்கு ஏழாவது பாட்டு வரவேண்டும் என்று பாக்கியசாமி டேப்பை ஓட்டிச் சரியான இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். போன் அடித்தது. எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்துப் பேசினார்.

"சூசை, ஒரு பாட்டு வைக்கிறேன். முழுசா கேளு."

"அந்த இடியா? இருங்க, காதுல பஞ்சு வச்சிக்கினு வர்றேன்."

"இந்த ஒரு வாட்டி கேளு."

குரலில் என்ன இருந்ததோ, "சரி, வைங்க" என்றார் சூசை. போனை டேப்பின் ஸ்பீக்கர் முன் வைத்தார். வெளியே ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. பாக்கியசாமி திரும்பாமலே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பாட்டு முடிந்ததும் போனை எடுத்தார்.

"யாருங்க அது, எம்பேரச் சொல்லிக் கூப்புடறது?"

ஆமாம், உன்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு கணம் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"அது நீ இல்ல. லாரி. லாரி பேரு சூசியாம். மெர்லின் பாத்து சொன்னா."

சூசை சிரித்த சிரிப்பு கடை வாசல்வரை கேட்டது. "அப்போ திருவிழாவுல சூசையப்பருக்கு லாரிப் பாட்டா போட்டீங்க? ஐயோ, அவுரு தச்சராச்சே, லாரிக்கு பாடி கட்டுவாருன்னு நெனச்சிக்கினீங்களா?"

பாக்கியசாமி சிரிக்கவில்லை. "அவன் லாரியக் கூப்புடறான். நான் உன்னக் கூப்புடறேன். போதும், வந்துடு."

போனில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"போன ஞாயித்துக்கெழம கையெழுத்து போட்டுட்டேங்க" என்றார் சூசை. "ரெண்டு வருசத்துக்கு. நீங்க ஒண்ணுமே சொல்லலியே. இருக்கட்டும்னு நெனக்கறீங்கன்னு இருந்துட்டேன்."

"ம்."

"ஒரு வாட்டி கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கலாம்."

எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டேப்பை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அத இன்னொரு வாட்டி வைங்க" என்றார் சூசை.

"ரிவைண்டு வேல செய்யாது. சுத்தி வரணும். முக்கா மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும். நான் போனை வைக்கல."

பாக்கியசாமி ஒரு காலிப் பேட்டரியை நகர்த்தி, அதன்மேல் போனை ஸ்பீக்கரைப் பார்த்து வைத்தார். வெளியே போய் டிராக்டரின் பானெட்டைத் திறந்தார். கேசட் ஒரு சொடக்குப் போட்டுத் திரும்பி, முதல் பாட்டைத் தொடங்கியது.

"இது இல்லியேங்க" என்றது போன்.

"இது மொதலு" என்றார் அவர், டிராக்டரிலிருந்து. "இன்னும் அஞ்சு போவணும்."

"போவட்டும்" என்றார் சூசை.