ஸ்பீக்கரில் குறை இல்லை

தேயிலை விலை விழுந்து, கோத்தகிரியில் நான் வேலை பார்த்த ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். கடகடவென்று இரையும் இலை அரைக்கும் மெஷின் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பாட்டாவது கேட்கலாம் என்று ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாகப் பார்த்து வாங்க குன்னூர் போனேன். அப்படி வாங்கினால்தான் குறைந்த விலையில் நல்ல ஒலி கிடைக்கும் என்றார்கள்.

கடையில் நான்கு ஜோடி ஸ்பீக்கர் போட்டுக் காட்டினார்கள். மூன்று, கம்பளி போர்த்தியது போல மந்தமாக இருந்தன. பளிச்சென்று கேட்ட நான்காவதை வாங்கி வந்தேன்.

சாயந்திரம் பாட்டுப் போட்டதும் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, கீச்சுனு காது கூசுதுங்க."

"நல்லாத்தானே இருக்குது," என்றேன்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தாள். "வெளிய சில்வண்டு கத்துதே, கேக்குதுங்களா?"

கேட்கவில்லை. ஃபாக்டரி நின்றதால் மலையே அமைதியாகிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் அவளையும் கூட்டிப்போய் ஸ்பீக்கரை மாற்றினேன். அவள் தலையாட்டிய ஜோடி எனக்கு மந்தமாகத்தான் கேட்கிறது. இப்போதெல்லாம் பாட்டுப் போடுவது மட்டும்தான் என் வேலை. கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை நான் தொடுவதில்லை.