இரண்டாவது வெட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து இந்திராணி தன் கணவனின் அண்ணனை வெட்டினாள். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆடி மாதத்து முற்பகல். அவள் கணவன் கைலாசம் தறிக்குழியில் காலை இறக்கி நெய்துகொண்டிருந்தான். அடுப்படியில் அவள் வெட்டுக்கத்தியால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டை இரண்டாகப் பிரிக்கும் சுவருக்காக ஒரு வருஷமாய்க் கறுவிக்கொண்டிருந்த அண்ணன் குமாரசாமி உருட்டுக்கட்டையோடு உள்ளே நுழைந்தான். பேச்சே இல்லை. தம்பியின் தோளில் முதல் அடி விழுந்தது. குழியிலிருந்து சட்டென்று எழ முடியாமல் கைலாசம் இடது கையைத் தூக்கித் தடுத்தான். அந்தக் கை முறிந்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டது.

"மாமா, வாணாம் மாமா! வுட்டுடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். குமாரசாமி அவளை வயிற்றில் உதைத்துத் தள்ளிவிட்டு, கட்டையைத் தம்பியின் தலைக்கு மேலே ஓங்கினான். கத்தி அவள் கையிலேயே இருந்தது. மணிக்கட்டைப் பார்த்து வெட்டினாள். கட்டை கீழே விழுந்தது. தறியில் விரித்திருந்த பாவு நூல் முழுக்க ரத்தம் தெறித்தது. குமாரசாமி அலறிக்கொண்டே வாசலுக்கு ஓடி நிலைக்காலைப் பிடித்தான். அவள் பின்னாலேயே போய் இன்னொரு வெட்டு வெட்டினாள். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது ஓர் அறை விழுந்தது. குமாரசாமிக்கு அங்கே வேண்டியவர்கள் இருந்தார்கள். மறுநாள், கட்டுப் போட்ட கையோடு கைலாசத்தையும் இழுத்துவந்தார்கள். ஒரு போலீஸ்காரன் இந்திராணியின் எதிரிலேயே அவனைத் தரையில் தள்ளி, கட்டுப் போட்ட கையின் மேல் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினான்.

"ஜட்ஜ் கேட்டா ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தை கூடப் பேசினே, இவன் இன்னொரு கையும் இருக்காது."

"சொல்றேன் சார், சொல்றேன். காலை எடுங்க சார்!" என்று இந்திராணி கத்தினாள்.

ரிமாண்டில் இருந்த இரண்டு மாதமும் கைலாசத்தின் அலறல் அவள் காதிலேயே இருந்தது. கோர்ட்டில் அவளுக்கு வக்கீல் கிடையாது. வெட்டினாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "வெட்னேங்க." குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா? அதே போலீஸ்காரன் கதவருகே நின்றிருந்தான். "ஆமாங்க." மூன்று வருஷம் தீர்ப்பானது.

வேலூர் ஜெயிலுக்கு இலவச சட்ட உதவிக்காக வந்துபோன வக்கீல் ரமாமணி, சின்னக் காஞ்சிபுரத்துக்காரி. அவள் கேட்ட பிறகுதான் இந்திராணி முழுவதையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"குத்தத்தை ஒத்துண்டா, தண்டனை ஜாஸ்தின்னு மட்டும்தான் அப்பீல் பண்ணலாம்னு சட்டம் சொல்றது," என்றாள் ரமாமணி. "ஆனா பயமுறுத்தி வாங்கின ஒப்புதல் ஒப்புதலே இல்லை. நீங்க பேசின வார்த்தையைக்கூட அந்த மாஜிஸ்திரேட் எழுதலை. அதை வச்சுத்தான் பேசணும். ஜெயிச்சாலும் உடனே விடுதலை இல்லை, கேஸ் முதல்லேர்ந்து நடக்கும்."

கைலாசம் பார்க்க வந்தபோது அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "வாணாம் இந்திரா. மறுபடியும் அவங்ககிட்ட மாட்டிக்கினா என்னைக் கொன்னுடுவாங்க. பல்லைக் கடிச்சிக்கினு இருந்துடு."

"வெட்னதுக்குத் தண்டனைன்னா இருந்துட்டுப் போறேன். ஏன் வெட்னேன்னு ஒருத்தனும் கேக்கலியே! நீ வந்து சாட்சி சொல்லுவியா, மாட்டியா?"

பார்க்கும் நேரம் முடிவதற்குள்ளேயே அவன் எழுந்து போய்விட்டான்.

செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் நடந்தது. ஒப்புக்கொண்டவள் இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்றார் அரசு வக்கீல். ரமாமணி மாஜிஸ்திரேட்டின் பதிவை வாசித்தாள். 'ஒப்புக்கொண்டார்' என்ற ஒரே சொல்தான் அதில் இருந்தது. கைலாசத்தின் கையை ஆஸ்பத்திரியில் இரண்டு நாளில் இரண்டு முறை, முறிந்த அன்றும் ஸ்டேஷனில் மிதிபட்ட மறுநாளும், கட்டியிருந்தார்கள். அந்தச் சீட்டுகளையும் நீதிபதி முன் வைத்தாள். அந்த ஒப்புதல் செல்லாது, வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கைதாகிப் பதினோரு மாதம் கழித்து இந்திராணி ஜாமீனில் வெளியே வந்தாள்.

மறுவிசாரணையில் கைலாசம் கடைசிவரை வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தான். கூண்டில் ஏறி, அண்ணன் அடித்ததையும் பூட்ஸ் கால் மிதித்ததையும் சொன்னான். அதன் பிறகு இந்திராணியைக் கேட்டார்கள். இரண்டாவது வெட்டைப் பற்றி அவளாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று ரமாமணி முன்பே சொல்லியிருந்தாள்.

"மொத வெட்டு என் வூட்டுக்காரரைக் காப்பாத்த," என்றாள் இந்திராணி. "ரெண்டாவது அப்டி இல்லீங்க. கட்டை வுழுந்துடுச்சி, அவரு ஓடறாரு. கோவத்துல தொரத்திக்கினு போய் வெட்னேன். வெரலு அதுலதான் போச்சு."

ரமாமணி தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குமாரசாமி, துண்டால் மூடியிருந்த கையை இன்னொரு கையால் அமுக்கியபடி அவளையே பார்த்தான்.

முதல் வெட்டு தற்காப்பு, இரண்டாவது ஆத்திரமூட்டப்பட்டதால் செய்த குற்றம் என்று புது மாஜிஸ்திரேட் எழுதினார். அதற்கு அவள் ஜெயிலில் இருந்த காலமே தண்டனை என்றார்.

"நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா முழு விடுதலையே கிடைச்சிருக்கும்," என்றாள் ரமாமணி, வெளியே வந்ததும்.

"இருக்கட்டும்மா. போன தடவை அவங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இந்தத் தடவை நடந்ததைச் சொல்லிட்டேன்."

குமாரசாமி வீட்டில் தன் பங்கை விட்டுவிட்டு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டான். கைலாசத்தின் இடது கை தோளுக்கு மேலே எழவேயில்லை. அதனால் அவன் நூல் சுற்ற, தறியில் இந்திராணி உட்கார்ந்தாள். அந்தத் தீபாவளிக்குள் இரண்டு சேலைகளை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்து இறக்கினாள்.