உப்பு முடியேல்லை

தொலைக்காட்சியில் உப்பு விழும் ஓசை கேட்பதில்லை. ஆனாலும் சிறுவயதில் எனக்கு அது கேட்டது. களிமண் மேடையில் கல்லுப்புச் சிதறும் சன்னமான "சர்", அதற்குப் பின்னாலேயே இரண்டு பெரிய உடம்புகள் காலைத் தூக்கி ஊன்றும் "தொம்". ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ரயில் தண்டவாளங்களுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் இரண்டாம் மாடி வீட்டில், காலை வேலை முடிந்து வந்த அப்பா சோற்றுக் கோப்பையோடு சோபாவில் சாயும் பின்னேரங்களில், ஒரு விளையாட்டு அலைவரிசை ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தைக் காட்டும். தூங்கி வழியும் குரலில் ஒரு ஜெர்மன்காரர் விளக்கம் சொல்லுவார். அப்பாவின் தோளிலிருந்து, நோவுக்குப் பூசும் "நோ எண்ணெய்" மணக்கும். இன்றும் அந்த மணம் வந்தால் எனக்குச் சுமோதான் நினைவுக்கு வரும்.

முதல் நாள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டில கோவணத்தோட நிக்கிறவங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள், மாத்துங்கோ" என்று சத்தம் போட்டபடி ரிமோட்டைப் பறித்தார். அதே நேரம் திரையில் ஒரு மல்லர் பெட்டியிலிருந்து உப்பை அள்ளி மேடை மீது வீசினார். அம்மாவின் கை அப்படியே நின்றது. "அட, நாவூறு கழிக்கிறாங்கள்" என்றார். கண்ணேறு போக உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு வளர்ந்தவருக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அங்கியும் விசிறியுமாக நின்ற நடுவர் எங்கள் வீட்டில் "விசிறி ஐயர்" ஆனார். மல்லர்கள் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் "தீர்த்தம்" ஆனது. கோவணம் அதன் பிறகு அம்மாவின் கண்ணில் படவேயில்லை.

எங்களுக்கென்று ஒரு மல்லர் இருந்தார். கருங்கடல் பக்கத்து நாடொன்றில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் ஜப்பானுக்குப் போனவர். அங்கே அவருக்கு வைத்த நீளமான பட்டப்பெயர் எங்கள் யாருடைய வாயிலும் நுழையவில்லை. மற்றவர்கள் கைப்பிடி கைப்பிடியாக உப்பை வாரி இறைக்கும்போது, இவர் மட்டும் ரசத்துக்குப் போடுவதுபோல் ஒரு கிள்ளு எடுத்து மெல்ல எறிவார். "வீட்டுப் பொறுப்பான பெடியன்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். அப்படியே அந்த உப்பு அண்ணன் எங்களுக்கு "உப்பண்ணை" ஆனார். மொழி தெரியாமல் போனவர், புதிதாகச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்களுக்குச் சமைத்து, முதுகு தேய்த்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவர் என்றெல்லாம் விளக்கக்காரர் சொன்னபோது, அகதி முகாமில் முதல் குளிர்காலத்தைக் கழித்த அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

சுமோவில் சண்டை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு முந்திய காத்திருப்புத்தான் நீளம். இருவரும் குந்துவார்கள், முறைப்பார்கள், அடுத்த கணம் பாய்வார்கள் என்று நான் நகத்தைக் கடிக்கும்போது எழும்பி மூலைக்குப் போய்த் திரும்பவும் உப்பு எடுப்பார்கள். "எப்பதான் அடிபடுவினம்?" என்று நான் சிணுங்குவேன். "பொறு பிள்ளை, உப்பு முடியேல்லை" என்பார் அப்பா. அந்தச் சொல் தொலைக்காட்சியை விட்டிறங்கி வீடெங்கும் நடமாடத் தொடங்கியது. புட்டு இன்னும் அவியவில்லையா, உப்பு முடியேல்லை. கலியாண வீட்டுக்கு நேரமாகியும் அம்மாவின் சேலை மடிப்பு நிற்கவில்லையா, அப்பா கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்று சொல்லுவார், உப்பு முடியேல்லை.

அப்பா ஒரு கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பாரம் தூக்குகிறவராகச் சேர்ந்து, ஒரு ஷிஃப்டுக்கே பொறுப்பானவராக உயர்ந்து, ஜெர்மன்காரரும் துருக்கிக்காரரும் தலைவர் என்ற பொருளில் "ஷெஃப்" என்று கூப்பிடும் இடத்துக்கு வந்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில் அவருடைய வலது தோளின் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் இனிப் பாரம் தூக்கக் கூடாது என்றுவிட்டார். தொழிற்சாலைக்கு அவர் தேவைப்படவில்லை. வேலை அலுவலகம், புதுத் தொழில் பழகும் "உம்ஷூலுங்" ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டது: எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தால் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சைகை அறையில் இருந்து செய்யும் வேலை. மாசி முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"ஏலாது" என்றார் அப்பா. "நேற்றுவரைக்கும் ஷெஃப். இனிச் சின்னப் பெடியளோட வாங்கில இருந்து, ஒண்டுக்குப் போக வாத்தியாரிட்டைக் கை உயர்த்திக் கேக்கவோ?" அதன் பிறகு அவர் பகலெல்லாம் சோபாவில் கிடந்தார். யாராவது சுகம் விசாரித்தால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தன்னையே காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது.

அதே பருவத்தில்தான் உப்பண்ணையின் முழங்கால் நொறுங்கியது. போட்டிகளுக்கு வர முடியாமல் வர முடியாமல் படிப்படியாகக் கீழே இறங்கினார். சுமோவில் மேலிருக்கும் இரண்டு படிநிலைக்காரருக்குத்தான் உப்பு. அதற்குக் கீழே விழுந்தவருக்கு உப்பும் இல்லை, பட்டுக் கச்சையும் இல்லை. நேற்று அவருக்குப் பணிவிடை செய்த பையன்களுக்கு இன்று அவர் சோறு பரிமாற வேண்டும். இதை விளக்கக்காரர் சொன்னபோது அம்மா பதைத்துப்போனார். "காலுடைஞ்ச பிள்ளையிட்டை உப்பையுமோ பறிக்கிறது?"

தொலைக்காட்சி கீழ்ப்படிக்காரரைக் காட்டுவதில்லை. ஆகவே நான் பள்ளிக்கூடக் கணினியில் அவரைத் தேடினேன். வென்றால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு. கட்டுப்போட்ட முழங்காலோடு அடிமட்டத்திலிருந்து மறுபடி ஆடத் தொடங்கியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இண்டைக்கு வெண்டிட்டார்" என்று கத்துவேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார், ஆனால் நான் சொல்லாத நாட்களில், "என்னவாம் உன்ரை ஆள்?" என்று கேட்பார்.

மாசி முடியப் போகும் ஒரு மத்தியானம், அம்மா அப்பாவைப் பார்க்காமல் சோற்றுப் பானையைப் பார்த்துச் சொன்னார்: "உப்பு எறிஞ்ச மனுசன், தனக்கு முதுகு தேய்ச்ச பெடியளுக்குச் சோறு போட்டுக் குடுத்துக்கொண்டு திரும்ப ஏறுறான். இஞ்ச ஒருத்தருக்குக் கதிரையில இருந்து படிக்க ஏலாதாம்." அப்பாவின் கோப்பையில் ஊற்றிய குழம்பு ஆறியது. பிறகு அவர் எழும்பி முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனார். வந்ததும் அம்மாவிடம், "சொல்லிப்போட்டன்" என்றார், அவ்வளவுதான்.

வகுப்புத் தொடங்கிய காலை, பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குச் செய்வதுபோல் அம்மா அவருக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றினார். சப்பாத்துப் போட்டு, பையை மாட்டி, கதவடிவரை போன அப்பா திரும்பி வந்து, அம்மாவின் கையிலிருந்து ஒரு கிள்ளு உப்பை எடுத்து நடையில் எறிந்தார். பிறகு கால்களை அகட்டி நின்று, வலது காலை உயரத் தூக்கி "தொம்" என்று ஊன்றினார். கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இம்முறை பயமில்லாத சிரிப்பு. எனக்கோ சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

அப்பா தேர்வில் தேறிச் சைகை அறைக்குப் போன ஆண்டில் உப்பண்ணையும் மேலே வந்தார். தொலைக்காட்சியில் அவரை மறுபடி கண்ட பின்னேரம் மூவரும் சோபாவில் நெருங்கியிருந்தோம். அவர் உப்புப் பெட்டியை ஒரு கணம் பார்த்தார். பிறகு கிள்ளி எடுக்கவில்லை. கை நிறைய அள்ளி, கூரை முட்ட வீசினார். சிக்கனத்துக்காக அவரை மெச்சிய அம்மாதான் கைதட்டினார். "எறியட்டும், எறியட்டும். இவ்வளவு நாளும் மிச்சம் பிடிச்சதுதானே." அன்று அவர் தோற்றார். எங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை.

அந்த அலைவரிசை சுமோ காட்டுவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. கம்பித் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது தளபாடக் கடை. உப்பண்ணை ஓய்வு பெற்று, பலர் கூடி அவருடைய குடுமியை வெட்டிய சடங்கைக் கைபேசியில் பார்த்தோம். "மொட்டை போடுகினமோ?" என்று அம்மா கேட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் டோர்ட்முண்டில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பெற்றோரைப் பார்க்க ரயிலேறுவேன். ஹம் நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் அடிக்கடி நின்றுவிடும். போன வெள்ளியும் நின்றது. எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். சிவப்பு விளக்குக்கு அப்பால், திரைகளுக்கு முன்னால் அப்பா வேலையில் இருந்தார். "உப்பு முடியேல்லை" என்றேன், என்னையறியாமல். பக்கத்துப் பெண் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அதற்குள் விளக்குப் பச்சையாகிவிட்டது.

வருகிற மாதம் அப்பா ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ரயில் நின்றால், அது வெறும் தாமதம்தான்.