தீபாவளியிலிருந்து தீபாவளிவரை மிதித்தது

பிள்ளைகளா, உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் சின்ன வகுப்புகளில் படித்தபோது ஒரு வருஷம் முழுக்க, நம் வீட்டு மாதக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் எண்கள் எழுதிவந்தேன். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைத் தரையில் விரித்து அக்காவும் தம்பியும் போட்டி போட்டுக் கூட்டுவீர்கள். "இந்த மாசம் சென்னையைத் தாண்டிட்டீகப்பா!" என்று ஒரு தடவை கத்தினீர்கள். அது நான் சைக்கிள் மிதித்த தூரம் என்று உங்களுக்குத் தெரியும். எதற்காக மிதித்தேன், கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்கிற வயது அப்போது உங்களுக்கு இல்லை. அதனால் இப்போது எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் ஒரு பட்டாசு ஆலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி ஆலையில் இறக்குவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எனக்குப் பின்னால் முதல் சீட்டு, சரவெடி பின்னுகிற ஒரு அக்காவுக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தச் சீட்டில் வேறு யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார். வேனுக்குள் யார் வரவில்லை, யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் அவர் வாய்வழியாகத்தான் எனக்கு வரும். நானும் அப்போது நல்ல கனம். வயிறு ஸ்டியரிங்கை உரசும். "தம்பிக்குக் கம்பெனி தனியா ஒரு வேன் வாங்கணும், இதுல அவுகளே நிறைஞ்சிருதாக" என்று அக்கா சொல்ல, பின்னால் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் அது பாராட்டு மாதிரித்தான்.

தீபாவளி சீசனில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டேன். சாயங்காலம் திரும்பி வரும்போது கை நடுங்கியது, சட்டையெல்லாம் வேர்வை. திருத்தங்கலுக்கு வருகிற வழியில் கண்ணுக்கு முன்னால் ரோடு இல்லாமல் போய்விட்டது. "தம்பி! தம்பி!" என்று அக்கா போட்ட சத்தம் மட்டும் காதில் விழுந்தது. வேன் இறங்கிப் போய்க் கருவேலம் புதரில் மோதி நின்றது. புதர் இருந்ததால் பிழைத்தோம். அக்காவுக்கு நெற்றியில் வீக்கம். சில பேருக்கு வளையல் உடைந்து கை கிழிந்தது. ஒரு சின்னப் பிள்ளை, புதிதாக வேலைக்கு வந்தவள், இறங்கி ரோட்டில் உட்கார்ந்து அழுதபடியே இருந்தாள். வேறு சேதமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை. டாக்டர் நல்ல மனுஷர். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்கதான் செய்யணும். உடம்பைக் குறைங்க. தினமும் சைக்கிள் மிதிங்க" என்றார்.

ஆலைக் கணக்கப்பிள்ளை என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "ஒரு வருஷம் குடோன் வாசல்ல காவலுக்கு இருங்க. அடுத்த பூஜைக்கு டாக்டர் சீட்டோட வாங்க. எலுமிச்சம்பழத்துல நீங்களே வண்டியை ஏத்துங்க. சாவி உங்களுக்குத்தான்" என்றார்.

பட்டாசுக்காரர்களுக்கு வருஷம் சித்திரையிலும் பிறக்காது, ஜனவரியிலும் பிறக்காது. தீபாவளியோடு ஆலையை மூடி, சில வாரம் கழித்துப் பூஜை போட்டுத் திறக்கிற நாளில்தான் பிறக்கும். அன்றைக்கு வேனுக்கும் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் ஏற்றி நசுக்கி எடுப்பார். அந்தப் பழம்தான் எனக்கு அந்த வருஷம் முழுக்கக் கண்ணில் நின்றது. உங்களுக்குச் சோறு எப்படியும் கிடைத்திருக்கும், குடோன் வாசல் சம்பளம் இருந்தது. ஆனால் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போய், சேர்த்துவிட்டோம் என்று இறங்குகிற வேலைதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அது திரும்ப வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வீட்டில் கிடந்த பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றினேன். வேன் போகிற பாதையிலேயே ஆலைக்குப் போனேன். தூரத்தை அளக்க எனக்கு மீட்டர் தேவைப்படவில்லை. வேன் மீட்டரைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பாலத்திலிருந்து எந்த முக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மனப்பாடம். போக வர இருபத்தெட்டு. வழியில் இறங்கித் தள்ளினால் தள்ளிய தூரத்தைக் கழித்துவிட்டுத்தான் காலண்டரில் எழுதுவேன். முதல் மாதம் கழித்ததே நிறைய. தொடை இறுகிப் படியேற முடியாது. மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல் இரைக்கும்.

புது டிரைவர் ஒரு இளவட்டம். என்னைத் தாண்டும்போது மரியாதையாக ஹாரன் அடிப்பான். அந்த நேரத்துக்கு ஜன்னலெல்லாம் தலையாக இருக்கும்.

"அண்ணாச்சி, ஏறிக்கோங்க! டிக்கெட் வேண்டாம்!"

"தம்பி, முன்னால போயி கேட்டைத் தொறந்து வைங்க, நாங்க பின்னாலயே வாரோம்!"

"அண்ணாச்சி, தொப்பையை எந்தப் பாலத்துல எறக்கி வச்சீக? நாங்களாச்சும் தூக்கிட்டு வாரோம்!"

நானும் ஒரு கையை விட்டுவிட்டு ஆட்டுவேன். அந்தச் சத்தம் தாண்டிப் போகும்வரை கால் வலி தெரியாது.

பங்குனிக்குள் உடம்பு படிந்துவிட்டது. இறங்கித் தள்ளுவது நின்றது. டாக்டர் ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்து, "இப்படியே போங்க" என்று முதுகில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. விருதுநகர் ரோட்டில் விடியற்காலை போய்விட்டு வருவேன். வயிறு போய், அப்புறம் கன்னம் போனது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. பதினாலு கிலோ இறங்கியிருந்தது.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, வேன் ஜன்னலில் சத்தம் குறைந்துபோனது. பார்ப்பார்கள். பேச மாட்டார்கள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அக்கா குடோன் வாசலுக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய அவித்த முட்டையை என் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்க தம்பி. உடம்பு ரொம்ப வத்திருச்சு."

"அக்கா, நான் வேணும்னுதான் எளைச்சிருக்கேன். டாக்டரு சொல்லி."

"யாராச்சும் வேணும்னு எளைப்பாகளா தம்பி?" என்றார். கண் கலங்கியிருந்தது. முட்டையைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. தின்றேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் ஆள் மெலிந்தால் ஒன்று சோறில்லை, இல்லை சீக்கு. சர்க்கரை வந்து உருக்கித் தூக்கிக்கொண்டு போனவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மிதித்து மெலிந்த ஆளை யாரும் பார்த்ததில்லை.

ஆடியில் மல்லாங்கிணற்றில் உங்கள் மாமா வீட்டில் காதுகுத்து. நீங்கள் அம்மாவோடு பஸ்ஸில் போனீர்கள். நான் சைக்கிளில் வருகிறேன் என்றேன். அம்மா, "விசேஷ வீட்டுக்கு யாராச்சும் சைக்கிள்ல வருவாகளா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆடிக்காற்று பக்கவாட்டில் தள்ளியது. மண் கண்ணில் அடித்தது. ஆனாலும் எங்கும் கால் ஊன்றாமல் போய்ச் சேர்ந்தேன். முப்பத்தாறு கிலோமீட்டர், என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் மிதித்த பெரிய தூரம். பந்தலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தியபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது.

உங்கள் மாமாதான் முதலில் பார்த்தார். "என்ன மச்சான், பஸ்ஸுக்குக் கூடவா...?" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், ஃபேனுக்கு நேராக உட்கார வைத்தார். உள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ குளுகோஸ் கரைத்துக்கொண்டு வந்தார்கள். சர்க்கரைக்காரனுக்குக் குளுகோஸ்! வேண்டாம் என்று கையை ஆட்டியதை, பேச முடியாமல் கையை ஆட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கிப் பஸ் மேல் கட்டி, என்னை ஜன்னல் சீட்டில் உட்கார வைத்து அனுப்பினார்கள். அன்றைய கட்டத்தில் எழுபத்திரண்டு என்று எழுத நினைத்திருந்தேன். முப்பத்தாறுதான் எழுத முடிந்தது.

அந்தப் பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நீங்கள் தூங்கின பிறகு சொன்னாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரருக்கு அந்த டெஸ்ட் எடுத்துப் பாத்தீகளா? டிரைவரு வேலைதான பாத்தாக" என்று கேட்டிருக்கிறாள். அந்த வருஷங்களில் எய்ட்ஸ் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. டிரைவர் மெலிந்தால் அந்தச் சந்தேகமும் கூடவே வரும். "நீ என்ன சொன்னே?" என்றேன். "குடம் நிறையுற வரைக்கும் நின்னேன். தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"நாளையிலேருந்து மிதிக்கலைன்னு வச்சுக்கோ. திரும்ப ஊதிருவேன். அதுதான் வேணுமா?"

"எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலை" என்று விளக்கை அணைத்தாள்.

நான் நிறுத்தவில்லை. சீட்டு வந்துவிட்டால் வாயெல்லாம் அடங்கிவிடும் என்று நம்பினேன். சீட்டு என்றால் காகிதம். காகிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று நான் நினைத்தது எட்டாம் வகுப்புப் படித்தவனின் நம்பிக்கை.

தீபாவளி வந்தது, போனது. பூஜைக்கு முந்தின நாள் டாக்டர் எழுதிக் கொடுத்தார்: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாகனம் ஓட்டத் தகுதியானவர். காலையில் ஒரு வருஷத்துக்குப் பிறகு காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டேன். தோள் இறங்கித் தொங்கியது. கழுத்துப் பட்டனைப் போட்டாலும் உள்ளே இரண்டு விரல் போகும். வேறு காக்கி இல்லை. அதையே போட்டுக்கொண்டு போனேன்.

ஆலை வாசலில் வேன் குளித்து, சந்தனம் குங்குமத்தோடு நின்றது. நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் பெண்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது வழக்கம். கணக்கப்பிள்ளை சீட்டை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டாக்டரு நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார். குரலில் வலு இல்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டார், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர். நான் ஏறி உட்கார்ந்தேன். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. வண்டியை எடுத்துப் பழத்தில் ஏற்றினேன். நாலும் நசுங்கின சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி, "ஏறுங்க அக்கா" என்றேன்.

யாரும் ஏறவில்லை.

பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். போன வருஷம் ரோட்டில் உட்கார்ந்து அழுத அந்தப் பிள்ளை, இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கணக்கப்பிள்ளை, "ஏறுங்களேம்மா, ஒரு சுத்துதானே" என்றார். அப்போதும் ஒருத்தரும் காலை எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அக்காதான் ஜன்னல் பக்கம் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதீக தம்பி. பிள்ளைகளை வீட்டுல விட்டுட்டு வாரோம்."

"நான் நல்லா இருக்கேன் அக்கா. போன வருஷத்துக்கு இப்ப எம்புட்டோ நல்லா இருக்கேன்."

"இருங்க தம்பி. நல்லாவே இருங்க. நாங்க கும்பிடுத சாமியெல்லாம் உங்களுக்குத்தான்." கம்பியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "ஆனா ஏற மனசு வரலை."

காலண்டரில் எழுதிய எண்களை அவரிடம் சொல்லியிருக்கலாம். இந்த ரோட்டில் தினமும் உங்கள் வேனுக்குப் பின்னால் மிதித்து வந்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்த்துத்தான் பயந்தார். இதற்கு மேல் நான் எதைக் காட்டுவது?

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த இளவட்டம் வாங்க மாட்டேன் என்று பின்னால் போனான். "பிடிப்பா" என்று உள்ளங்கையில் வைத்து மூடினேன். அவன் உட்கார்ந்ததும் அவர்கள் ஏறினார்கள். அக்கா முதல் சீட்டில் உட்கார்ந்து, சுற்று முடிந்து வரும்வரை முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்.

குடோன் வாசல் எனக்கு நிரந்தரமானது அப்படித்தான். சர்க்கரை இன்றுவரை கட்டுக்குள் இருக்கிறது. அந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா ரேஷன் கடையில். காக்கிச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டேன். அம்மாவிடம் கொடுத்தால் 'உடம்பு தேறினா பத்தாமப் போயிரும்' என்று அப்படியே மடித்து வைத்துவிடுவாள். தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நூல் கோத்து, இரண்டு பக்கமும் விலாவோரம் மூன்று விரல் பிடித்துக் கையாலேயே தைத்தேன். தையல் கோணலாகத்தான் வந்தது. மிச்சத் துணியைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, சட்டையைத் திரும்பப் போட்டு, எல்லாப் பட்டனையும் போட்டேன்.