ஆயுத பூஜைக்குக் கழுவிவிட்ட தொட்டி

என் லாரி இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பாகங்களில் அப்பிய எண்ணெய்ப் பிசுக்கை எந்த முறையில் கழுவினால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு குறைவு என்று நேரில் பார்த்துவிட்டே கொடுப்பது என, ஆயுத பூஜை முடிந்த வாரம் கிளம்பினேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலில் விழுப்புரம். அங்கே ஒரு பட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. அங்கே ஆட்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். அடியில் தங்கும் கசடு வேலியோரம் போகிறது. வேண்டாமென்று திண்டிவனம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம்.

திண்டிவனம் பட்டறை லட்சணமாக இருந்தது. காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் பாகங்களை முக்கி எடுக்கிறார்கள். மண்ணெண்ணெய் நெடி இல்லை, வருடம் முழுக்க அதே தண்ணீர், தினமும் வெளியே கொட்டுவதில்லை. மனசுக்குள் இந்தப் பட்டறைக்கே மார்க் போட்டுவிட்டேன். தொட்டி பளிச்சென்று இருப்பதாக முதலாளியிடம் சொன்னேன்.

"பூஜைக்குக் கழுவினோம் சார். பழைய தண்ணி மொத்தத்தையும் தொறந்து வுட்டுட்டுதான் தொட்டிக்குப் பொட்டு வெப்போம்" என்றார் பெருமையாக.

"அந்தத் தண்ணி எங்க போச்சு?"

"பின்னாடிதான். மண்ணு குடிச்சிரும்."

பின்னால் போனேன். கறுத்த தரை, ஒரு புல் இல்லை. அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு, கைப்பம்பு. வாசலில் அஞ்சலை என்பவர் கூலிக்கு மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் பூஜை முடிஞ்சா பம்புத் தண்ணி வழவழன்னு வருதுங்க. புள்ளைய குளிப்பாட்டினேன், ஒடம்பெல்லாம் செவந்து போச்சு. கேட்டா சாமி காரியம்ன்றாரு."

திரும்பிப் போய், அடுத்த முறையாவது கழிவை அப்புறப்படுத்தும் வண்டியை வரவழையுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வருஷத்துக்கு ஒரு நாளுதானே சார், இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கத்தியதால் ஒன்றும் ஆகவில்லை.

இன்ஜின் இன்னும் என் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் போவதானால் எதில் கழுவுகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பின்பக்கம் நடந்து பாருங்கள்.

அன்று திண்டிவனத்திலிருந்து கிளம்பும்போது அஞ்சலை ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார். என் கை தயங்கியதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாம குடிங்க. கேன் தண்ணிதான், புள்ளைக்குன்னு வாங்கி வெச்சது."