ஒரு கட்டைவிரல் வேலை

வெர்னா கெஸ்டிலா கோபக்காரி. அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "கோபப்படாம இருக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லு ஐரீன், நாளையிலேருந்து சிரிச்சுக்கிட்டே திரியறேன்" என்றாள்.  

அவள் அப்பா செம்புச் சுரங்கத்தில் இருந்தார். சுரங்கத்தை மூடியபோது அவளுக்குப் படிக்கிற வயது. படிப்பை விட்டுவிட்டு மீன் கழுவினாள், ஓட்டலில் தட்டு கழுவினாள், கடைசியில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் போய் நிலைத்தாள். பிள்ளைகளுக்கு ரொட்டியைக் குறைக்கச் சொன்ன தலைமையாசிரியரிடம், "நீங்க ஒரு வாரம் அரை வயித்தோட பாடம் நடத்திக் காட்டுங்க, அப்புறம் குறைக்கிறேன்" என்று கரண்டியை நீட்டிச் சொன்னவள். ரொட்டி குறையவில்லை. அவளுக்குச் சம்பளமும் ஏறவில்லை.

புருஷன் ரெய்னோ மரம் வெட்டப் போனவன், பிறகு மர ஆலையில் நின்றவன். தூளும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. இப்போது மூக்கில் குழாயோடு சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அவனைக் குளிப்பாட்ட, சளி இளக முதுகைத் தட்டிவிடப் போகிறேன். வெர்னாவின் தோள் அறுவை செய்த தோள், அவளால் அவனைத் தூக்க முடியாது.

அவர்கள் வீடு இருக்கும் சந்து பெரிய சாலையிலிருந்து பிரிந்து மேடேறிப் போகிறது. முனையில் ஒரு பலகை: நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே பனி அகற்றப்படாது. வரி மட்டும் பன்னிரண்டு மாதமும் வாங்கிக்கொள்வார்கள். வெர்னா அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் துப்புவாள். சந்தில் இரண்டே வீடு. நடுவில் வலது கைப் பக்கம் வெர்னாவுடையது, அதாவது மேலேயிருந்து இறங்கி வரும்போது வலது கை. உச்சியில் ஆர்லோ ட்ரெவாரோவுடையது. எதிர்ப்பக்கம் வெறும் சதுப்பும் தேவதாரு மரங்களும்தான். பனியை அள்ளிக் கொட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆர்லோவின் மகன் போன இலையுதிர் காலத்தில் அவனுக்கு நாலு சக்கரக் குட்டி வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான். முன்னால் பனி தள்ளும் தகடு. வெர்னாவிடமும் ஒன்று உண்டு, பழையது. அதில் தகட்டை இடமோ வலமோ திருப்ப வேண்டுமானால் இறங்கி, பனியில் முட்டி போட்டு, ஆணியைப் பிடுங்கி, தகட்டை உதைத்துத் திருப்பி, மறுபடி ஆணியை அடிக்கவேண்டும். ஆர்லோவுடையதில் அந்த வேலை இல்லை. கைப்பிடியில் ஒரு சுவிட்ச். கட்டைவிரலால் ஒரு பக்கம் அழுத்தினால் தகடு இடது பக்கம் திரும்பும், மறுபக்கம் அழுத்தினால் வலது பக்கம்.

மளிகைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஊருக்கே காட்டினான். தகடு இடது பக்கம் போகும், வலது பக்கம் வரும், அவன் மாதா கோயில் மணி அடிப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு அழுத்துவான்.

"என்னா வெர்னா, உன் வீட்டு வாசலுக்கு வந்தா இந்தப் பக்கம் ஒரு அழுத்து. பனியெல்லாம் சதுப்புல போய் விழும். நீ ராணி மாதிரி உக்காந்திரு."

"சொன்னதைச் செய்யி, அப்புறம் ராணியா ராஜாவான்னு பாத்துக்கலாம்" என்றாள் வெர்னா.

முதல் பனிக்குச் சொன்னபடி செய்தான். அதற்கடுத்த பனிக்கும் செய்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் தகடு வலது பக்கம் திரும்பியபடியே மேட்டிலிருந்து இறங்கினான், மொத்தப் பனியையும் வெர்னா வீட்டு வழியின் வாயில் குவித்துவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

தள்ளிய பனி சும்மா கிடக்காது. கொஞ்ச நேரத்தில் இறுகும், ஒரு ராத்திரியில் கல்லாகும். வெர்னா தினமும் தன் பழைய வண்டியை எடுத்து வந்து அந்தக் கல்லை உடைப்பாள். ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு.

"கட்டைவிரல் ஐரீன், ஒரு கட்டைவிரல்! அதை அழுத்த மாட்டேங்கிறான்!"

"போய்க் கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? அவனுக்குக் கண்ணு இல்லையா? வேணும்னு செய்யிறான்."

ரெய்னோ சன்னலோரமிருந்து, "ஆர்லோ அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா" என்பான்.

"நீ மூச்சை வேஸ்ட் பண்ணாத."

ஜனவரியில் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்த லாரி அந்தக் குவியலைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போயிற்று. ரெய்னோவின் மூச்சு இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் சிலிண்டர்தான். எங்கள் பக்கம் மின்சாரம் போகாத குளிர்காலம் கிடையாது. இன்னொரு தடவை லாரி திரும்பினால் ரெய்னோவை நகரத்து முதியோர் இல்லத்துக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று வீட்டு நோயாளிகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து போன் செய்து சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அந்த இல்லத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மோசமான இடமில்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் போக விருப்பமில்லாமல் போனவன் முதல் மாதத்திலேயே தட்டைத் தள்ளி வைப்பான். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ரெய்னோவும் அப்படித்தான் ஆவான். "அங்க சன்னலுக்கு வெளிய என்ன இருக்கு தெரியுமா? கார் நிறுத்துற இடம்" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் காற்றில்லை.

பிப்ரவரியில் ஏரிக் காற்றோடு இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. திங்கட்கிழமை மின்சாரம் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை லாரி வரவேண்டும். நான் அன்று பனிக்காலணி கட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தபோது ரெய்னோ கடைசி சிலிண்டரில் இருந்தான். வழியின் வாயில் என் நெஞ்சு உயரத்துக்குப் பனிச்சுவர். ஆர்லோ அப்போதுதான் தள்ளிவிட்டு மேலே போயிருக்கிறான், வண்டித் தடம் புதிதாக இருந்தது.

 வெர்னா கோட்டை மாட்டினாள். அவள் கத்தும்போது எனக்குப் பயமில்லை. வாயை மூடியபோதுதான் பின்னாலேயே ஓடினேன்.

ஆர்லோ, விறகடுப்பின் வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடாக இருக்கும் தன் கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெர்னா கதவைத் தட்டவில்லை.

"யோவ் ஆர்லோ! என் புருஷனைக் கொல்லப் பாக்கிறியா?"

"என்னம்மா வந்ததும் வராததுமா..."

"லாரி திரும்பினா அவனைக் கொண்டு போயிடுவாங்க. தெரியும்ல? ஊருக்கே தெரியும். கட்டைவிரல் செத்துப் போச்சா உனக்கு? அழுத்து! என் கண்ணு முன்னால அழுத்து!"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், மறுபடி பிரித்தான். வெர்னா அவனைத் தள்ளிவிட்டுத் தானே சுவிட்சை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபக்கம் அழுத்தினாள். தகடு வலது பக்கம் திரும்பியபடியே, அசையாமல் இருந்தது.

"மோட்டார் போயிருச்சு" என்றான் ஆர்லோ. "கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே."

நான் குனிந்து பார்த்தேன். தகட்டைத் திருப்பும் மோட்டாரின் அடியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. புரிந்தது. எங்கள் ஊரில் வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான். குளிரில் ஓட்டிவிட்டு ராத்திரி சூடான கொட்டகையில் கொண்டு வந்து வைப்பார்கள். ஒட்டியிருந்த பனி உருகித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். காலையில் வெளியே எடுத்ததும் அது உள்ளேயே உறைந்து பல்லைக் கடித்துக்கொள்ளும். வெளியிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"ஏன்யா சொல்லல?" என்றாள் வெர்னா.

"கடை வாசல்ல அவ்வளவு பேர் முன்னால காட்டினேன்ல... எப்படிப் போய்ச் சொல்றது?"

"வெட்கமா உனக்கு? உன் வெட்கத்துக்கு என் வீட்டு ஆள் மூச்சு விடாம இருக்கணுமா?"

"சரி பண்ணிடலாம்னுதான் தினமும் பாத்தேன்..."

"தினமும் என் வாசல்ல கொட்டிட்டு, அப்புறம் பாத்தியாக்கும்!"

இவள் போய்க் கேட்கவில்லை, அவன் வந்து சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேரையுமே அறையலாம் போலிருந்தது. நேரமில்லை. "லாரி வந்துக்கிட்டிருக்கும். சண்டையை அப்புறம் போடுங்க" என்றேன்.

வெர்னா தகட்டை ஒரு முறை பார்த்தாள். அடுப்பில் எந்தப் பாத்திரத்தை முதலில் இறக்குவது என்று பார்ப்பவள் மாதிரி.

"தூக்க முடியுதா?"

"தூக்கறதுக்குத் தனி மோட்டார். அது நல்லாத்தான் இருக்கு."

"அப்போ தகட்டைத் தூக்கிக்கிட்டு கீழ வரைக்கும் போ. அங்க திரும்பி நில்லு. நான் உள்ளயிருந்து அடைப்பை உடைச்சுச் சந்துல தள்றேன். நீ கீழயிருந்து மேல தள்ளிட்டு வா. மேல வரும்போது உன் வலது கைப் பக்கம் எது?"

ஆர்லோ கையைத் தூக்கிப் பார்த்தான். "சதுப்பு" என்றான்.

"ரெண்டு மாசமா இது தோணலையா?"

"மேட்டுல தள்ள மாட்டேங்குதும்மா. சக்கரம் சுத்துது."

"போ, பாத்துக்கலாம்."

வெர்னா தன் பழைய வண்டியில் தகட்டை நேராகவே வைத்து முட்டினாள். பின்னால் வந்தாள், மறுபடி முட்டினாள். ஒவ்வொரு முட்டுக்கும் ஆர்லோவின் பெயர். நான் இரும்புக் கடப்பாரையால் இறுகிய இடங்களைப் பிளந்து கொடுத்தேன். அடைப்பு உடைந்து, பெரிய பெரிய கட்டிகளாகச் சந்தில் போய் விழுந்தது.

ஆர்லோ கீழேயிருந்து வந்தான். குவியலைத் தொட்டதும் பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. பனி தெறித்தது, வண்டி நகரவில்லை. பெரிய சாலையில் லாரியின் இஞ்சின் சத்தம் கேட்டது.

வெர்னா தன் வண்டியிலிருந்து இறங்கினாள், போய் ஆர்லோவின் வண்டியில் சாமான் கட்டும் பின்தட்டில் ஏறி உட்கார்ந்தாள். சின்ன உடம்பில்லை அவளுக்கு.

"என்னம்மா பண்றே?"

"பாரம். ஐரீன், நீயும் ஏறு."

ஏறினேன். எழுபத்தைந்து வயதில் முட்டியை மடக்கி அந்தக் கம்பித்தட்டில் உட்கார்ந்தேன். சக்கரம் தரையைப் பிடித்தது. வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. கட்டிகள் தகட்டில் ஏறிப் புரண்டு சதுப்புப் பக்கம் சரிந்தன.

"இன்னும் வேகமா!"

"கழுத்தை விடும்மா, மூச்சு முட்டுது!"

"முட்டட்டும்! எப்படி இருக்குன்னு தெரியட்டும்!"

லாரி உள்ளே வந்து வாசல்வரை போய் நின்றது. ஓட்டுநர் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பையன். நான் குழாயை மாற்றினேன். ரெய்னோவின் உதட்டு நிறத்தைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். பரவாயில்லை. அலுவலகத்துக்கு நானே போன் செய்து, லாரி வந்துவிட்டது, இனிமேலும் வரும் என்று சொன்னேன்.

வெர்னா ஆர்லோவுக்குக் காபி கொடுக்கவில்லை. வாசலிலேயே நிறுத்தினாள்.

"மோட்டாரைக் கழட்டி எடுத்துட்டு வா. எங்க சவ்னாவுல காய வைக்கணும்."

"சவ்னாவுலயா?" விறகடுப்புச் சூட்டில் நாங்கள் வியர்க்க வியர்க்க உட்காரும் பலகை அறை அது.

"கீழ்ப் பலகையில. மேல வெச்சா உன்னை மாதிரி வெந்து போயிடும். வண்டியை இனிமே வெளிய நிறுத்து. அதுக்குக் குளிராது, உனக்குத்தான் குளிரும்."

சனிக்கிழமை எங்களோடு மோட்டாரும் சவ்னாவில் இருந்தது. உலர்ந்தது, மசகு போட்டோம், மாட்டினான்.

அடுத்த பனி வியாழக்கிழமை வந்தது. நான் ரெய்னோவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து வண்டிச் சத்தம் இறங்கி வந்தது. வெர்னா கையில் மாவோடு சன்னலுக்கு வந்து நின்றாள். வெர்னா வீட்டு வழி ஆரம்பிக்கிற இடத்தில் ஆர்லோவின் தகடு மெல்ல இடது பக்கம் திரும்பிற்று. பனி சதுப்பில் போய் விழுந்தது. வாசலைத் தாண்டியதும் தகடு மறுபடி வலது பக்கம் திரும்பிக்கொண்டது. ஆர்லோ சன்னலைப் பார்க்கவில்லை.

"பாத்தியா? இவ்வளவுதான். டிசம்பர்லேயே செஞ்சிருந்தா கை ஒடிஞ்சா போயிருக்கும்?"

"மோட்டார்தான் ஒடிஞ்சிருந்துச்சே" என்றான் ரெய்னோ.

"வாய் ஒடியலையே!"

ரெய்னோ சிரித்தான், சிரிப்பு இருமலாகி, நான் அவனைக் குனியவைத்துத் தட்டவேண்டியதாயிற்று. வெர்னா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினாள். முற்றத்துப் பனி இன்னும் அப்படியே கிடந்தது.