கழுத்தில் வைத்த கை

காமிரா என் வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்பு, எங்கள் ஊரான காஜா பெராங்கில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் சொல்கிறேன். கடல் கடந்து சென்னைக்குப் போய்க் கல்லூரிப் படிப்பை முடித்து, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் முறையையும் அங்கேயே பயின்று வந்தவன் நான். கோயில் கூட்டங்களில் எனக்கென்று முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அரசாங்கத்துக்கு மனு எழுதுவதானாலும் மகளுக்குச் சம்பந்தம் பேசுவதானாலும் என்னைக் கேட்டுவிட்டே செய்தார்கள்.

நாடு விடுதலை அடைந்த புதிதில், தமிழ்ப்பள்ளியின் பின்னறையில் நான்கு பிள்ளைகளோடு அந்த வகுப்பைத் தொடங்கினேன். ஊரார் அதை ஊமைப் பள்ளி என்றனர். என் முன்னால் அச்சொல்லை எவரும் சொன்னதில்லை.

நால்வரில் ஒருத்தி, பக்கத்துப் பகுதியான பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் ஏழு வயது மகள். அவளுடைய தாய் அவளைத் திரிஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் அழைத்து வந்து, வகுப்பு முடியும்வரை அருகிலேயே அமர்ந்திருப்பார். கற்பிக்கும் முறை இது: பிள்ளையின் உள்ளங்கையை என் தொண்டைமீது வைத்துக்கொள்வேன், என் விரல்களை அவள் தொண்டையில் வைப்பேன். நான் பேசும்போது எழும் அதிர்வைக் கையால் அறிந்து, அதே அதிர்வை அவள் தன் தொண்டையில் எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் வெறும் காற்றுதான் வந்தது.

புதிய நாட்டின் பள்ளிகளைப் படம் எடுக்கிறோம் என்று கோலாலம்பூரிலிருந்து இருவர் வந்தபோது சம்மதித்தேன். மேலிடம் பார்த்தால் நல்ல அறையும் இன்னோர் ஆசிரியரும் கிடைக்கும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் பிழை இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை.

காமிராவை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

“அம்மா, கொஞ்சம் தள்ளிப் போய் உக்காருங்க. உங்க நிழல் பிள்ளை மேல விழுது.”

தாய் சுவரோரம் போய் அமர்ந்தார். காமிரா கரகரவென்று ஓடியது. அந்த இரைச்சல் எங்களைத்தான் தொந்தரவு செய்தது. பிள்ளைக்கு அது இல்லை. அவள் வாயை அகலத் திறந்து, முகம் சுருங்க முயன்று, கரகரத்த குரலில் “அம்மா” என்றாள். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“அந்தச் சத்தத்தையும் பிடிச்சீங்களா, ஐயா?”

“இதுல படம் மட்டும்தாம்மா. சத்தம் ஏறாது.”

சில மாதங்களில், ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்கப் படவண்டி வந்து திடலில் வெள்ளைத் திரை கட்டியது. ஊரே பாய் விரித்து உட்கார்ந்தது. என் வகுப்பு வந்தது. பிள்ளையின் கை என் தொண்டையில் இருந்ததை என் முதுகு மறைத்துவிட்டது. தெரிந்தவை அவள் கழுத்தில் என் விரல்களும், திறந்த அவள் வாயும். பின்னணியில், பிறகு சேர்த்த பேண்டு வாத்தியம்.

“டேய், நம்ம சாரு! புள்ள கழுத்தைப் புடிச்சு அமுக்குறாரு பாரு!”

“காலேஜு படிச்ச கை லா. நல்லாத்தான் இறுக்கும்.”

சிரித்தார்கள். இரண்டு பாய் தள்ளிக் கணவரோடு அமர்ந்திருந்த அந்தத் தாய் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை கடைக்காரர் மனைவியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“சார், எம்புள்ள ஊமையாவே இருந்துட்டுப் போவட்டும். அவ கழுத்துல நீங்க கை வெச்சதை ஊரே பாத்துச்சு. என் அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

“உங்கள் மனைவி அங்கேயே இருந்தார். பிள்ளை பேசியதையும் கேட்டார். அவரையே கேளுங்கள்.”

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் படிக்கட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் செவுத்தோரம் இருந்தேங்க. எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல.”

கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. அந்த வாரமே மற்ற மூவரின் பெற்றோரும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். பின்னறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கினார்கள். அந்தப் பெண் பிற்காலத்தில் கடையில் வெங்காயம் நிறுத்துக் கொடுத்து, விலையை விரல்களால் காட்டுவதைப் பார்த்தேன். வேறு கடைக்குப் போகத் தொடங்கினேன்.

நான் பிள்ளையின் கழுத்தை நெரித்ததாகவும், அவள் அலறியதாகவும், நிர்வாகம் என்னை விலக்கியதாகவும் இன்றும் அடுத்த ஊரான செமாபோக் வரையில் பேசுகிறார்கள். நான் நெரிக்கவில்லை. பிள்ளை அலறவில்லை, “அம்மா” என்று சொன்னாள். பிள்ளைகள் வராததால் வகுப்பு நின்றது. என்னை எவரும் விலக்கவில்லை.